நான் போட்ட சிவப்புக் கோடு

என் கணவரின் மாத்திரையை நிறுத்தியது நான்தான். டாக்டர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நானாக முடிவெடுத்து, பொய்யும் சொல்லி, இருபத்தோரு நாள் நிறுத்தி வைத்திருந்தேன். அத்தனை நாளும் அவர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பில்தான் இருந்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா என்னைச் சொல்லாத நாளில்லை. அப்போதெல்லாம் பதிலுக்குப் பதில் பேசுவேன். இப்போது பேச வாயில்லை.

இது புரிய வேண்டுமானால் என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், கார் கண்ணாடி ஒட்டும் பிரிவில், எனக்குத் தர ஆய்வு வேலை. பதினெட்டு வருஷமாக அதேதான். முன்கண்ணாடியின் ஓரத்தில் மெஷின் கறுப்புப் பசையை இழுத்துக்கொண்டே போகும். கண்ணாடியை வண்டியில் பதித்து அழுத்துவார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் காய்ந்த மாதிரி ஒன்றை எடுத்து, பசையைக் கத்தியால் கீறி, பிடித்து இழுத்துப் பார்ப்பேன். பசை தனக்குள்ளேயே கிழிந்தால் பாஸ். கண்ணாடியை விட்டு வழுவழுவென்று உரிந்து வந்தால் மொத்தமும் ரிஜெக்ட். ஒட்டினால் நல்லது, விட்டால் கெட்டது. என் மூளை பதினெட்டு வருஷமாக இதைத்தான் படித்திருக்கிறது.

இன்னொன்று, சார்ட். மணிக்கு ஒரு தடவை பசையின் கனத்தை அளந்து கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்போம். மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். புள்ளி அதைத் தாண்டினால் யாரையும் கேட்க வேண்டாம். தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுத்து, வண்டிகள் வரிசையாக நகரும் லைனை நிறுத்திவிடலாம். நிறுத்தியதற்காக யாரும் திட்டமாட்டார்கள், நிறுத்தாமல் விட்டால்தான் தொலைந்தோம். சேர்ந்த புதிதில் ஒருமுறை இழுத்துவிட்டேன். லைன் முழுக்க நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, நல்ல வேலை செய்தாய் அம்மா என்று சொல்லிப் போனார். அன்று ஏறிய திமிர்தான் எனக்கு இத்தனை வருஷமும்.

என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மறைமலை நகரில் ஆளை ஏற்றி இங்கே இறக்குவார், ஷிஃப்ட் முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார். இருவருக்குமே ஊர் மணிமங்கலம் பக்கம்தான். அவர் அதிகம் பேசமாட்டார். எங்கள் வீட்டில் நான் பேசுவேன், அவர் ஓட்டுவார். ஆஸ்பத்திரி, பேங்க், ரேஷன் எல்லாம் என் தலையில்.

டிரைவர்களுக்கு வருஷா வருஷம் எடுக்கும் பரிசோதனையில்தான் தெரிந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. சென்னைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டாக்டரம்மா எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இது ரத்தப் புற்றுநோய், ஆனால் மெதுவாகப் போகிற வகை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். புற்றுநோய் என்கிறார், மருந்து வேண்டாம் என்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மருந்தே இல்லாத அளவுக்கு முற்றிவிட்டதா, மருந்தே தேவையில்லாத அளவுக்கு லேசா, ரெண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டேவிட்டேன். ரெண்டும் இல்லை என்றார். இந்த வியாதியில் அவசரப்பட்டு ஆரம்பிப்பதால் லாபமில்லை, தொந்தரவு கொடுக்கும்போது ஆரம்பிக்கலாம் என்றார். வெளியே வந்து, இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் சொல்ல, அவர் ‘பசிக்குது, வா’ என்று கேன்டீனுக்கு நடந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நான் இறங்கினேன். கம்பெனியில் வீணாய்ப் போன கட்டத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் வெள்ளை அணு எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி வைத்தேன். மேலே ஸ்கேல் வைத்து ஒரு சிவப்புக் கோடும் போட்டேன். புடவை எடுக்கப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கோட்டுக்குக் கீழே புள்ளி இருக்கிறதா என்று கண் தானாகப் போகும். இருந்தால் அன்று நன்றாகச் சமைப்பேன்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு அவர் கழுத்தில் நெறி கட்டியது. முதலில் கொட்டைப்பாக்கு அளவு, அப்புறம் இரண்டு பக்கமும் வரிசையாக. அக்குளிலும் வந்தது. யூனிஃபார்ம் சட்டையின் மேல் பட்டன் போட முடியவில்லை. டூட்டியில் பட்டன் திறந்திருந்தால் சூப்பர்வைசர் கேட்பார் என்று அவர் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு போனார். டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், இப்போது ஆரம்பிக்கலாம் என்று மாத்திரை எழுதினார். தினமும் போட வேண்டும், விடக்கூடாது என்றார். முதல் சில மாதம் ரத்தத்தில் எண்ணிக்கை ஏறும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். சொல்லவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஏறும் என்றால் ஏதோ கொஞ்சம் ஏறும் என்று நினைத்தேன்.

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளில் பட்டன் போட வந்துவிட்டது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவர் பட்டனைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் காட்டினார். சிறுபிள்ளை புதுச்சட்டையைக் காட்டுவதுபோலத்தான் இருந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வாய் மட்டும், ‘போதும், டைம் ஆவுது’ என்றது.

ஒரு மாதம் கழித்து, ஸ்ரீபெரும்புதூர் லேபில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். டீ பிரேக்கில் ரிப்போர்ட் போனில் வந்தது. அறுபதாயிரமாக இருந்த எண்ணிக்கை ஒரு லட்சத்து முப்பதாயிரம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒரு சைபர் கூடுதலாக அடித்துவிட்டார்களா என்று பார்த்தேன். லேபுக்குப் போன் செய்து திட்டினேன். அவர்கள் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு அதே எண்ணைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி நம்பருக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

போன தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் பழக்கமாகியிருந்தாள். தூத்துக்குடிப் பக்கம். அவள் கணவனுக்கும் இங்கே ஒரு கம்பெனியில்தான் வேலை. தண்டலத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவனுக்கும் மெதுவாகப் போகிற ரத்தப் புற்றுநோய், அவனுக்கும் மாத்திரைதான். அவளுக்குப் போன் செய்து கேட்டேன்.

“எக்கா, எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒரே மாசத்துல சர்ருன்னு எறங்கிட்டுல்லா. உங்களுக்கு எறங்கலியா?”

அவ்வளவுதான். அவளுக்கு இறங்குகிறது, எனக்கு ஏறுகிறது. பீரோவைத் திறந்து புள்ளி வைக்கப் போனேன். புள்ளி சிவப்புக் கோட்டுக்கு வெகு மேலே, தாளின் நுனியில் போய் உட்கார்ந்தது. பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு உயரத்தில் ஒரு புள்ளியை நான் வைத்ததில்லை. லைனாக இருந்தால் கயிறு அறுந்திருக்கும், அப்படி இழுத்திருப்பேன்.

சாயந்திரம் அவர் வந்ததும் சொன்னேன். டாக்டரிடம் பேசினேன், கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொன்னார் என்று. பொய் சொல்லும்போது நாக்குத் தடுக்கும் என்பார்கள். எனக்குத் தடுக்கவே இல்லை.

“சரி, நீ சொன்னா சரி” என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போனார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்தாம் நாள் யாரிடமும் சொல்லாமல் அவரைக் கூட்டிப்போய் மறுபடி ரத்தம் கொடுக்க வைத்தேன். எண்ணிக்கை தொண்ணூறாயிரமாக இறங்கியிருந்தது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை பெரிய படிப்புப் படித்தால் என்ன, புள்ளி பொய் சொல்லாது. அன்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது அவர் ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கழுத்தைத் தடவினார். முள்ளா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அடுத்த வாரம் கர்ச்சீப் திரும்ப வந்தது. பட்டன் போட முடியவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துணி துவைக்கும்போது கர்ச்சீப்பைப் பார்த்தேன். எண் இறங்குகிறது, கட்டி ஏறுகிறது. மாத்திரை போட்டபோது எண் ஏறியது, கட்டி இறங்கியது. இது என்ன கண்கட்டு வித்தை? எதை நம்புவது? லைனில் ஒரே கண்ணாடிக்கு ஒரு மீட்டர் பாஸ் என்றும் இன்னொரு மீட்டர் ஃபெயில் என்றும் காட்டினால், ஒன்றைத் தூக்கி, அளவு சரிபார்க்கக் காலிபரேஷனுக்கு அனுப்புவோம். இங்கே எதை அனுப்ப? பயமும் குழப்பமும் சேர்ந்து எனக்குத் தூக்கமே போனது. ஆனால் மாத்திரையை எடுத்துக் கொடுக்கவும் கை வரவில்லை. கொடுத்தால் எண் ஏறுமே.

இருபத்தோராவது நாள் அப்பாயின்ட்மென்ட். கழுத்தைத் தொட்டதுமே டாக்டரம்மாவின் முகம் மாறியது. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்.

“நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு...” என்றார் என் கணவர்.

“நானா? எப்போ சொன்னேன்?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திருதிருவென்று முழித்தேன். ஒரு நொடிதான், அவருக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், என் முழியைப் படிக்கத் தெரியாதா? டாக்டர் பக்கம் திரும்பினார்.

“இல்ல மேடம், நான்தான் எதையோ தப்பா புரிஞ்சிகினேன்.”

எனக்காக அவர் பொய் சொல்கிறார். கழுத்தில் அத்தனை கட்டியை வைத்துக்கொண்டு. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. “அவரு இல்ல மேடம், நான்தான் நிறுத்தினேன். நம்பர் ஏறிச்சு, அதான்” என்றேன்.

“ஏறும்னு சொன்னேனே, அம்மா?”

“டபுளுக்கு மேல ஏறும்னு சொல்லலியே!” என்றேன். தப்பு செய்துவிட்டும் என் குரல்தான் உயர்ந்தது. அடங்காத ஜென்மம்.

டாக்டரம்மா கத்தவில்லை. ஒரு காகிதத்தை இழுத்து உருண்டையாக ஒரு நெறிக்கட்டி வரைந்தார். அதற்குள் சின்னச் சின்னப் புள்ளிகள். அந்தக் கெட்ட அணுக்களின் மேல்தோலில் கொக்கிபோலச் சில மூலக்கூறுகள் இருக்கின்றன, ஒட்டும் மூலக்கூறுகள் என்போம் என்றார். அந்தக் கொக்கியால் அவை நெறிக்கட்டிக்குள் இருக்கும் மற்ற அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். அங்கே அவற்றுக்குப் பாதுகாப்பு, பெருகுவதற்கான தூண்டுதல் எல்லாம் கிடைக்கும். ரத்தத்தில் மிதந்தால் அந்தச் சவரட்சணை கிடையாது. மாத்திரை செய்யும் வேலைகளில் ஒன்று, அந்தப் பிடியைத் தளர்த்துவது. பிடிவிட்டதும் எல்லாம் கூட்டமாக ரத்தத்தில் வந்து விழும். அதனால்தான் கட்டி கரைகிறது, எண் ஏறுகிறது. விழுந்தவை திரும்பிப் போக முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு வருஷத்துக்கு மேலேகூட.

நான் நிறுத்தியதும் எண் இறங்கியதே என்றேன்.

“எங்க போயிருக்கும்னு நினைக்கிறீங்க? எல்லாம் செத்துப் போகல. கொக்கி திரும்ப வேலை செஞ்சிருக்கு. நிறைய அணு மறுபடி கட்டிக்குள்ள போய் உட்கார்ந்துடுச்சு.”

மீன் குழம்பு ஞாபகம் வந்தது. அவை திரும்பக் குடியேறிய நாளைத்தான் நான் கொண்டாடியிருக்கிறேன். அப்படியானால் ஒட்டாமல் இருப்பதுதான் நல்லதா என்று கேட்டேன். இந்த வியாதியில் அப்படித்தான் என்றார். தூத்துக்குடிப் பெண்ணின் கணவனுக்கு மட்டும் ஏன் உடனே இறங்கியது என்று விடாமல் கேட்டேன். அது வேறு வகை, அம்மா என்றார். அதில் எலும்பு மஜ்ஜைக்குள் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டிய இளம் அணுக்கள் சரியாகப் பிடிக்காமல் முன்கூட்டியே ரத்தத்துக்கு ஓடிவருகின்றன. மாத்திரையும் வேறு, அதன் வேலையும் வேறு. அங்கே பிடிக்காதது கோளாறு, இங்கே பிடிப்பது கோளாறு. எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று. தலையை மட்டும் ஆட்டினேன். இன்றே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், இனி என்னைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது, விட்டு விட்டுப் போட்டால் நோய் கையை மீறிப் போகலாம் என்றார். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பஸ்ஸில் திரும்பினோம். வேறு யார் ஓட்டும் பஸ்ஸில் ஏறினாலும், கியர் மாற்றத் தெரியவில்லை, கிளட்சைத் தேய்க்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். அன்று அது இல்லை. படப்பை தாண்டியதும் நான் மன்னிச்சிடுங்க என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்ப் பீரோவைத் திறந்தார். என் தாளின் முன்னால் நின்றார். இரண்டு வருஷமாக அந்தக் கதவை அவரும்தான் திறந்து மூடியிருக்கிறார். ஒருநாளும் அதை உற்றுப் பார்த்ததில்லை. அன்று பார்த்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இந்தக் கோட்ட உனுக்கு யாரு குடுத்தாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. லைனில் இருக்கும் சிவப்புக் கோடு கார் கம்பெனி அனுப்பும் டிராயிங்கிலிருந்து வருவது. அதை ஒரு மயிரிழை நகர்த்தவும் எங்களுக்கு உரிமையில்லை. தன் இஷ்டத்துக்குக் கோடு போட்ட ஒரு பெண்ணின் சார்ட்டை அவள் முன்னாலேயே நான் கிழித்துப் போட்டிருக்கிறேன். கோடு போட நீ யார் என்று கேட்டிருக்கிறேன்.

“நான்தான் போட்டேன்” என்றேன்.

எந்த அளவை வைத்துப் போட்டாய் என்று கேட்டார். அளவு எதுவும் இல்லை. அன்றைக்கு இருந்த புள்ளிக்கு மேலே, சும்மா, ஒரு விரல் தள்ளிப் போட்டேன். அதைச் சொன்னேன்.

“ஒரு விரலுக்கா என்னிய நிறுத்துன?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவர் கேட்ட விதத்தில் கோபமே இல்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் மாத்திரை டப்பாவை எடுத்து, ஒன்றை விழுங்கித் தண்ணீர் குடித்தார். டப்பாவைத் தன் டூட்டிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

அதன்பிறகு அந்த டப்பாவை நான் தொட்டதில்லை. வேளாவேளைக்கு அவரே போட்டுக்கொண்டார். பேசாமல் இல்லை, சாம்பாரில் உப்பு கம்மி, மின்சார பில் வந்துவிட்டது, எல்லாம் பேசினார். கழுத்தைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டால் மட்டும், வேண்டாம் என்று நகர்ந்துவிடுவார். கர்ச்சீப்பை அவரே துவைத்துக்கொண்டார். கட்டி கரைகிறதா இல்லையா என்று தெரியாமல் நான் செத்துப் பிழைத்தேன். நான் செய்த கோளாறால் மாத்திரை இனி கேட்காமலே போய்விட்டால்? லைனில் பசையைக் கீறி இழுக்கும்போதெல்லாம், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிழிகிற பசையைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. பாஸ் என்றுதான் எழுதினேன்.

அடுத்த மாத ரிப்போர்ட் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் என்று வந்தது. வழக்கம்போலப் பீரோவைத் திறந்தேன். புள்ளி வைக்கத் தாளில் இடமில்லை, அதற்கு மேலே வெறும் இரும்புதான். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், பின்னால் வந்து நின்றார்.

“இன்னா, பேப்பர் பத்தலியா?”

எண் ஏறியிருக்கிறது, இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று தெரியவில்லை என்றேன். டாக்டர் சொன்னது புரிந்த மாதிரி இருக்கிறது, ராத்திரி படுத்தால் புரியாமல் போய்விடுகிறது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அவர் என்னைத் தன் பக்கம் திருப்பினார். கழுத்தில் கர்ச்சீப் இல்லை. மேல் பட்டன் போட்டிருந்தது. முகவாயைத் தூக்கினார்.

“வெரல வுட்டுப் பாரு.”

காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் ஆள்காட்டி விரலை விட்டேன். பயந்துகொண்டேதான் விட்டேன். இடிக்கவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தடவிக்கொண்டு போனேன்.

“போவுதா?”

“போவுது.”

“ஒரு விரல் கீதா?”

“இருக்கு” என்றேன்.

“அப்ப லைன் ஓடட்டும்” என்றார். டூட்டிப் பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டார்.